கரும்புப் பணம் வருமுன்னே

டிசம்பர் பிறந்துவிட்டால் விழுப்புரம் மாவட்டத்துச் சாலைகளில் டிராக்டருக்கு வழிவிட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். முண்டியம்பாக்கம் ஆலைக்கும் பெரியசெவலை ஆலைக்கும் போகும் வண்டிகளில் கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போகும். பார்ப்பவர்களுக்குச் சர்க்கரை நினைவுக்கு வரும், பொங்கல் நினைவுக்கு வரும். உளவியல் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். பணமுடை மனிதனின் மூளையை என்ன செய்கிறது என்று பேச வருகிற எவரும் தவிர்க்க முடியாத ஆய்வு ஒன்று, இந்தக் கரும்புக் காட்டுக்காரர்களை வைத்துத்தான் நடந்தது.

2013 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழில் நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளியானது. பொருளாதார அறிஞர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன். உளவியலாளர்கள் எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ். இவர்களில் முல்லைநாதன் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். ஏழைகள் ஏன் அடிக்கடி தவறான முடிவுகளை எடுக்கிறார்கள் என்ற பழைய கேள்விக்கு, 'அவர்கள் அப்படிப்பட்டவர்கள்' என்ற பழைய பதிலை ஏற்க இந்த நால்வருக்கும் மனமில்லை. ஒரே மனிதனை, கையில் காசில்லாதபோது ஒரு முறையும் காசு வந்த பிறகு ஒரு முறையும் சோதித்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்கள். அதற்கு வாகான பயிர் கரும்பு.

ஏன் கரும்பு என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கரணை நட்டதிலிருந்து வெட்டுவதற்குப் பத்து முதல் பன்னிரண்டு மாதம். நடவுக் கூலி, உரம், களை, சோகை உரிப்பு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். வருவது ஒரே தடவை. அதுவும் விளைந்ததும் வெட்டிவிட முடியாது. ஆலையில் பதிவு செய்திருக்க வேண்டும், வெட்டு உத்தரவு வரவேண்டும், வெட்டாட்கள் கிடைக்க வேண்டும். வண்டி ஆலைக்குள் நுழைந்து எடை போட்ட பிறகும் பணம் கைக்கு வர நாளாகும். ஆக, வருடத்தின் கடைசி இரண்டு மூன்று மாதங்கள் பெரும்பாலான வீடுகளில் கை சுத்தமாக வறண்டுபோகும். பணம் வந்ததும் அதே வீடு சில மாதங்களுக்கு நிமிர்ந்து உட்காரும்.

ஆய்வாளர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எல்லார் கரும்பையும் ஆலை ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. அதனால் வெட்டு மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குப் பரவிக் கிடக்கும். ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்து வரப்புக்காரர் உத்தரவுக்குக் காத்திருப்பார். வெயில், மழை, பண்டிகை எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். வேறுபாடு மடியில் மட்டும்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில், வருமானத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் கரும்பிலிருந்தே பெறும் 464 விவசாயிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரியவில்லை. ஒவ்வொருவரிடமும் அறுவடைக்கு முன்னும் பின்னும் இரண்டு சோதனைகள் நடந்தன. முதலாவது, ரேவன் என்பவர் பெயரால் அழைக்கப்படும் படப் புதிர். வரிசையாக உருவங்கள் இருக்கும், ஒன்று விடுபட்டிருக்கும். அந்த இடத்தில் எது பொருந்தும் என்று காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். இரண்டாவது, கவனத்தைச் சோதிப்பது. அட்டையில் '5 5 5' என்று இருந்தால் 'ஐந்து' என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்ல வேண்டியதோ 'மூன்று', ஏனென்றால் கேள்வி எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதுதான்.

அறுவடைக்கு முன் படப் புதிரில் சராசரியாக 4.35 சரியான விடைகள். அறுவடைக்குப் பின் 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது, பின்பு 131 விநாடி. தவறுகளும் குறைந்தன. அதே ஆள், அதே படிப்பு, அதே வயது. இடையில் நடந்தது ஒன்றுதான்: கரும்புப் பணம் வந்தது.

பணத்தின் பக்கம் நடந்தது இன்னும் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. அறுவடைக்கு முன் பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 விழுக்காடு. பின்பு 4 விழுக்காடு. கடன் இருந்தவர்கள் முன்பு 99 விழுக்காடு, பின்பு 13. விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இந்த எண்களைக் காட்டினால் ஆச்சரியப்பட மாட்டார்கள். எந்த மாதம் நகை உள்ளே வரும், எந்த மாதம் மீட்டுப் போவார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

இரண்டாவது தடவை எழுதும்போது யாருக்கும் பழகிவிடும், அதனால் மதிப்பெண் கூடியிருக்கலாம் என்று உடனே கேட்கத் தோன்றும். ஆய்வாளர்களுக்கும் தோன்றியது. குலுக்கல் முறையில் நூறு பேரை ஒதுக்கிவைத்து, அவர்களுக்கு அறுவடைக்குப் பிறகுதான் முதல் சோதனையே நடத்தினார்கள். அவர்களும் மற்றவர்களின் இரண்டாவது முறை அளவுக்கே செய்தார்கள். ஆகவே பழக்கம் காரணமில்லை. அறுவடைக்கு முன் உழைத்துக் களைத்திருப்பார்களோ என்றால், வெட்டு வேலை கூலி ஆட்களுடையது. சாப்பாடு குறைந்திருக்குமோ என்ற கேள்வியையும் எடுத்துப் பார்த்துவிட்டு, அதனாலும் இவ்வளவு வேறுபாடு வராது என்றார்கள்.

இந்தப் புள்ளியில்தான் மன அழுத்தம் என்ற பேச்சு வருகிறது. அந்தக் கருத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் செலியே. 1936இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு, குளிர், காயம், அதிக உழைப்பு, நஞ்சு என எது தாக்கினாலும் எலியின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்றது. அதற்கும் முன்னால், 1908இல், உளவியலாளர்கள் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளை வைத்து இன்னொன்றைக் கண்டிருந்தார்கள்: ஓரளவு அழுத்தம் கற்றலைத் தூண்டுகிறது, அளவு மீறினால் கடினமான வேலையில் தடுமாற வைக்கிறது. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துப் 'பயம் இருந்தால்தான் படிப்பான்' என்று சொல்லும் பெரியவர்கள் இந்தக் கண்டுபிடிப்பின் முதல் பாதியை மட்டும் அறிந்தவர்கள்.

விவசாயிகளிடமும் ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு அளக்கப்பட்டன. அறுவடைக்கு முன் இரண்டும் கூடுதலாகவே இருந்தன. ஆனால் கட்டுரையின் வாதம் அங்கே நிற்கவில்லை. அழுத்தத்தின் பங்கைக் கணக்கில் கழித்த பிறகும் மதிப்பெண் வேறுபாடு மீதி நிற்கிறது என்றார்கள். அப்படியானால் மீதிக்கு என்ன காரணம்? கவனம். கிராமத்து வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கினால் கூடத்து விளக்கு மங்கும். பல்பு கெட்டுப்போகவில்லை, வோல்டேஜ் வேறிடத்தில் இழுபடுகிறது. வட்டிக்காரர் எப்போது வருவார், ஆலையிலிருந்து எப்போது ஆள் வரும், பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு எதை வைப்பது என்று மனம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்போது, எதிரில் நீட்டிய அட்டைக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

இதை அறிவுக் குறைவு என்று படிப்பது பெரிய தவறாகிவிடும். அதே ஆளிடம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் நாற்பதாயிரம் வாங்கினால் ஏழு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், கால்குலேட்டரைத் தேடுகிறவருக்கு முன்பாகவே பதில் வரும். முடை எங்கே அழுத்துகிறதோ அங்கே மூளை கூர்மையாகவே வேலை செய்கிறது. முல்லைநாதனும் ஷஃபீரும் அதே ஆண்டு வெளியிட்ட 'ஸ்கார்சிட்டி' நூலில் இதை விரிவாகப் பேசினார்கள்: பற்றாக்குறை கவனத்தை ஒரு குறுகிய வழிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது, அந்த வழிக்குள் வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது, வெளியே இருப்பதுதான் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஒரு வணிக வளாகத்திலும் இதே நால்வர் சோதித்தார்கள். கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் என்று கற்பனை செய்யச் சொல்லிவிட்டுப் புதிர் கொடுத்தால் வசதியானவரும் வசதியில்லாதவரும் ஒரே அளவு செய்தார்கள். 1,500 டாலர் என்றபோது வசதியில்லாதவரின் மதிப்பெண் இறங்கியது, மற்றவருடையது அசையவில்லை. ஒரு முழு இரவு தூங்காமல் இருந்தால் ஏற்படும் சரிவோடு ஒப்பிடத்தக்க சரிவு அது. கார் நிஜத்தில் பழுதாகக்கூட இல்லை.

குணமா, தேதியா?

ஊரில் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது குணத்தைத்தான் முதலில் எடுக்கிறோம். அவன் பொறுப்பில்லாதவன், இவள் அவசரக்காரி, அந்த வீட்டுக்காரர்களுக்கே கணக்கு வழக்கு கிடையாது. ஆளுமை என்று உளவியல் அழைப்பதை நாம் பரம்பரைச் சொத்து மாதிரி ஒருவர் பெயரில் எழுதிவைத்துவிடுகிறோம். உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் ஒரு நூல் எழுதி இந்த நம்பிக்கையை உலுக்கினார். ஒரே மனிதன் ஓரிடத்தில் நேர்மையாகவும் வேறோரிடத்தில் தளர்வாகவும் நடக்கிறான், சூழலைப் பார்க்காமல் குணத்தை மட்டும் வைத்து அவன் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. ஆளுமை ஆய்வாளர்கள் அதன் பிறகு பல ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். குணம் என்று ஒன்று இருக்கிறது, அது காலப்போக்கில் ஓரளவு நிலையாகவும் இருக்கிறது என்பதில் இன்று பெரிய தகராறு இல்லை. ஆனால் எவ்வளவு குணம், எவ்வளவு சூழல் என்ற விகிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போதும் தப்பாகவே போடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குழந்தைகள் முன்னால் இனிப்பு மிட்டாயை வைத்துவிட்டு 'நான் வரும்வரை காத்திருந்தால் இரண்டு தருகிறேன்' என்று சொல்லும் புகழ்பெற்ற சோதனையும் இதே மிஷெலுடையதுதான். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, சுயக் கட்டுப்பாடுதான் வெற்றிக்கு வழி என்று மேடை மேடையாகப் பேசினார்கள். 2013இல் வெளியான அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அந்தப் பேச்சின் மேல் தண்ணீர் ஊற்றியது. 28 குழந்தைகளில் பாதிப் பேரிடம், நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெறுங்கையோடு வந்தார். மற்றப் பாதிக்குச் சொன்னபடி கொடுத்தார். பிறகு மிட்டாய் வந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம்.

மூன்று நிமிடத்தில் மிட்டாயைத் தின்ற குழந்தை பொறுமையில்லாத குழந்தையா? அது நியாயமாகக் கணக்குப் போட்ட குழந்தை.

இதைக் கரும்புக்குக் கொண்டுவர அதிக தூரம் போக வேண்டாம். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வாங்கிய 14 நாட்களுக்குள் ஆலை பணம் தரவேண்டும் என்கிறது. தாமதித்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. காகிதத்தில் இவ்வளவு தெளிவு. ஆனால் நிலுவைத் தொகை கேட்டுப் போராட்டம் நடக்காத ஆண்டு தமிழ்நாட்டுக் கரும்பு மாவட்டங்களில் அபூர்வம். தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் 2022 நவம்பரில் தொடங்கிய காத்திருப்புப் போராட்டத்தில் நிலுவையோடு இன்னொரு புகாரும் சேர்ந்துகொண்டது: விவசாயிகள் பெயரில் வாங்கப்பட்ட வங்கிக் கடன். சொன்ன தேதியில் பணம் வராது என்று பத்துப் பதினைந்து வருடம் பழகிய ஒருவர், நீண்டகாலச் சேமிப்புத் திட்டத்தை விளக்க வரும் வங்கி அலுவலரிடம் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனால், அதை எந்தக் குணத்தின் கணக்கில் எழுதுவது?

ஊக்கம் பற்றிய பேச்சும் இப்படித்தான். வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு முனைப்பு இல்லை என்று சொல்வது எளிது. ஆஸ்திரியாவில் மாரியன்தால் என்று ஒரு சிற்றூர் இருந்தது. ஊரே நம்பியிருந்த துணி ஆலை 1929-30இல் மூடப்பட்டது. சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் அவருடைய தோழர்களும் அங்கே தங்கி ஆராய்ந்து 1933இல் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. நேரம் நிறைய இருக்கிறதே, மக்கள் அதிகம் படிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டே ஆண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் அப்படித்தான். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆலையில் வேலை இருந்த காலத்தில் இதே ஊரில் நாடகக் குழு, விளையாட்டுக் குழு, அரசியல் கூட்டம் எல்லாம் களைகட்டியிருந்தன.

வறுமையையும் மனத்தையும் இணைத்துப் பார்ப்பது தமிழ் மரபுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களை வகுக்கிறது. அழுகைக்குச் சொல்லும் நான்கில் ஒன்று வறுமை. இலக்கண நூல் ஒன்று அதை இழவு இருக்கும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது.

மணிலாக் கொல்லையும் புயலும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும்போது பயிர் மாறுகிறது, பணத்தின் நடையும் மாறுகிறது. இது மணிலா பூமி. வேர்க்கடலை என்று புத்தகத்தில் எழுதினாலும் இங்கே மணிலாதான். நாடெங்கும் விதைக்கப்பட்ட டி.எம்.வி. ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. அவை இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. மானாவாரி மணிலா மூன்றரை மாதத்துப் பயிர். கரும்பு மாதிரி ஒரு வருடம் காக்க வைக்காது. ஆனால் வானத்தை நம்பி நிற்பது. கரும்புக்காரருக்குக் கவலை 'எப்போது' என்பது. மானாவாரிக்காரருக்கு 'வருமா' என்பது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்தக் கேள்விக்குக் கொடூரமான பதில் வந்தது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், திண்டிவனத்தில் 37 சென்டிமீட்டர் மழை. அதற்கடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரையை மீறி விழுப்புரம் மாவட்டத்தின் தென்பகுதியை மூழ்கடித்தது. அரசு அறிவித்த நிவாரணம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. இந்தத் தொகை போதுமா என்ற விவாதம் சட்டமன்றத்தில் நடக்கட்டும். உளவியல் கேட்பது வேறு: கணக்கெடுப்புக்கு யார் வருவார், சிட்டா அடங்கல் எங்கே போனது, வங்கிப் புத்தகம் நனைந்துவிட்டதே என்று அலைய வேண்டிய அந்த இரண்டு வாரங்கள்தான் மனம் மிக மோசமான நிலையில் இருக்கும் வாரங்கள். அதிகம் படிவம் நிரப்ப வேண்டியவர், படிவம் நிரப்பும் தெம்பு இல்லாத நாளில் வரிசையில் நிற்கிறார்.

விழுப்புரம் ஆய்வை எல்லாரும் தலையில் வைத்துக்கொண்டு ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே 2013 டிசம்பரில் நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் இருவர், வணிக வளாகச் சோதனையில் மக்களை வசதியானவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்த விதமே முடிவைப் பெரிதாக்கிவிட்டது என்று 'சயின்ஸ்' இதழிலேயே மறுத்தார்கள். 2016இல் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வில் மதிப்பெண்ணில் வேறுபாடே தென்படவில்லை. இதை வைத்துக் கரும்புக் கதை பொய் என்று சிலர் முடித்துவிட்டார்கள். அது அவசரம். சம்பள நாள் என்பது நாட்காட்டியில் அச்சடித்த தேதி, இடைவெளி இரண்டு வாரமோ ஒரு மாதமோ. பதினோரு மாதம் செலவழித்துவிட்டு, எப்போது வரும் என்று தெரியாத உத்தரவுக்காகக் காத்திருப்பது வேறு வகைப் பாரம். பின்னர் ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு கரும்பு ஆய்வின் பக்கத்துக்கே வலு சேர்த்தது. மொத்தக் கூலி மாறவில்லை. ஆனால் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்தபோது வேலை வேகமெடுத்தது, தவறுகளும் குறைந்தன. அதிலும் மிக ஏழைகளிடம்தான் மாற்றம் அதிகம்.

பணத்தின் அளவைக் கூட்ட முடியாவிட்டாலும் அதன் நேரத்தைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் இதிலெல்லாம் அரசு அலுவலகங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி. மேற்குக் கென்யாவில் விவசாயிகள் உரம் போடுவது நல்லது என்று ஒப்புக்கொள்வார்கள், விதைப்பு வரும்போது கையில் பணம் இருக்காது. பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அறுவடை முடிந்து காசு கையில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய், இப்போதே பணம் கட்டினால் உரத்தை இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். அந்தச் சின்னச் சலுகை, பின்னால் பாதி விலைக்குக் கொடுப்பதற்கு இணையான பலனைத் தந்தது.

இங்கே நடப்பது பெரும்பாலும் எதிர்த்திசையில். சம்பா நெல்லுக்கான பயிர்க் காப்பீட்டுக் கெடு பொதுவாக நவம்பர் நடுவில் வரும். நடவுக் கூலியும் அடியுரமும் போட்டு முடித்துக் கையைத் துடைத்த நேரம் அது. பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக் கட்டணங்கள் ஜூனில். சரியான திசையில் நடந்த ஒன்றைச் சொல்வதென்றால், 2023 செப்டம்பர் 15 முதல் வரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அது எப்போது வரும் என்று வீட்டுக்காரிக்குத் தெரியும், மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும்.

மனநல உதவி என்று பார்த்தால் கட்டமைப்பு இல்லாமல் இல்லை. அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில்தான் இருக்கிறது, சர்க்கரை ஆலை இருக்கும் அதே ஊரில். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை; 104ஐயும் அழைக்கலாம். யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருப்பதோடு நில்லாமல், கிராமங்களுக்குப் போய் மனநல முகாம் நடத்துகிறவர்கள் ஆலையின் வெட்டுப் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எந்த ஊருக்கு எந்த மாதம் வெட்டு என்பது நட்ட தேதியை வைத்து ஏற்கெனவே அதில் குறித்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு மாதம் பின்னால் எண்ணினால், முகாமை எந்த வாரத்தில் வைக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும்.